அப்பிள் டேர்ன்ஓவர்: கைராசியா, வெப்பநிலையா?

மாவை மெல்லிய தகடாக உருட்டி, நடுவில் சீனியில் வதக்கிய பழத்தை வைத்து, ஒரு பாதியை மறுபாதியின்மேல் மடித்து, ஓரத்தை அழுத்தி மூடி, ஓவனில் வேகவைத்து எடுக்கும் பலகாரம்தான் அப்பிள் டேர்ன்ஓவர். மடித்துத் திருப்பி மூடுவதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்தது. பிரெஞ்சுக்காரர் இதையே ‘ஷொசோன்’ என்பார்கள். வீட்டுக்குள் அணியும் மென்செருப்பு என்பது அதன் பொருள். பெயர் எதுவாக இருந்தாலும் வடிவம் நமக்குப் புதிதல்ல. பக்கத்து வீட்டு அன்ரி ஆடிப்பிறப்புக்கு அவித்துத் தரும் கொழுக்கட்டையும், நோன்பு திறக்க நாம் பொரிக்கும் பற்றிஸும் இதே பிறை வடிவம்தான். உள்ளே ஒன்றை வைத்து ஓரத்தைக் கிள்ளி மூடும் வேலையை நம் கைகள் சிறுவயதிலிருந்தே அறியும்.

அப்படியிருந்தும் டேர்ன்ஓவர் என்றதும் “அதெல்லாம் வீட்டில் சரிவராது” என்று பலர் பின்வாங்குகிறார்கள். செய்து பார்த்தவர்களில் சிலருக்கு மாஜரீன் உருகித் தட்டில் ஓடுகிறது. அடுக்கடுக்காகப் பொங்க வேண்டிய மா தட்டையாகக் கிடக்கிறது. உடனே “அவவுக்குக் கைராசி இல்லை” என்ற தீர்ப்பும் வந்துவிடும். எங்கள் வீட்டில் ராத்தாவுக்கு அந்தத் தீர்ப்பு கிடைத்தது. ஒரு சித்திரை விடுமுறையின் பகல் பதினொரு மணிக்கு மா உருட்டியதற்காகக் கிடைத்த தீர்ப்பு அது! அதன்பின் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. உண்மையில் இந்தப் பலகாரத்தில் கைராசிக்கு உள்ள பங்கு மிகச் சிறியது. வெப்பநிலைக்கு உள்ள பங்கு மிகப் பெரியது. உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கத் தொடங்கிய பின்னர்தான் எனக்கு இது விளங்கியது. உருத்திரபுரம் போன்ற வெயில் ஊரில் அப்பிள் டேர்ன்ஓவரை எப்படிச் செய்வது, ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

இலை இலையாக ஒரு மா

டேர்ன்ஓவரின் உயிர் அப்பிளில் இல்லை, மாவில் இருக்கிறது. பேக்கரியில் ‘மீன் பேஸ்ட்ரி’ வாங்கிக் கடித்தால் பொலபொலவென்று உதிருமே, அந்த மாதான் இது. பிரெஞ்சு மொழியில் இதற்கு ‘இலை இலையாக்கிய மா’ என்று பெயர். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சமையல் நூல்கள் இதை விரிவாகப் பேசுகின்றன. ஆனால் மாவை இலை இலையாகப் பிரிக்கும் எண்ணம் அதற்கு முந்தியது. முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில், அந்தலூஸில், 13ஆம் நூற்றாண்டில் அரபு மொழியில் எழுதப்பட்ட சமையல் நூலொன்றில் ‘முவர்ரகா’ என்ற பலகாரம் வருகிறது. மெல்லிதாக்கிய மாவில் உருக்கிய நெய்யைப் பூசிச் சுருட்டி மீண்டும் தட்டிச் செய்வது அது. அரபியில் ‘வரக்’ என்றால் இலை, தாள். ‘முவர்ரகா’ என்றால் இலைகளாக்கப்பட்டது. பிரெஞ்சுப் பெயரும் அரபுப் பெயரும் ஒரே பொருளைச் சொல்வது வியப்பாக இருக்கிறது.

நம் ஊரிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. ஹோட்டல் வாசலில் மாவை வீசி வீசித் தாள்போல் ஆக்கி, எண்ணெய் தடவி மடித்துக் கல்லில் போடுகிறார்களே, அந்த வீச்சு ரொட்டியும் பராட்டாவும் அடுக்கு மாக்கள்தான். வெயில் நாட்டில் கட்டியான கொழுப்பு நிற்காது என்பதால் எண்ணெயையே வைத்து அடுக்கு உண்டாக்கும் வழியை நம் ரொட்டிக்காரர்கள் கையாண்டார்கள். ஆனால் எண்ணெய் தடவிய அடுக்கு பிரியும். பலமடங்கு உயர்ந்து பொங்காது. டேர்ன்ஓவர் பொங்க வேண்டுமானால் கொழுப்பு கட்டியாகவே இருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பொங்குவது எப்படி?

கேக்கைப் பேக்கிங் பவுடர் எழுப்புகிறது. பாணை ஈஸ்ட் எழுப்புகிறது. டேர்ன்ஓவர் மாவில் இரண்டும் இல்லை. அதை எழுப்புவது நீராவி மட்டுமே.

குழைத்த மாவின் நடுவில் மாஜரீனை அல்லது பட்டரைத் தகடாக வைத்து மூடி, உருட்டி, மூன்றாக மடிக்கிறோம். மீண்டும் உருட்டி மீண்டும் மடிக்கிறோம். இப்படிச் செய்யச் செய்ய மா ஓர் அடுக்கு, கொழுப்பு ஓர் அடுக்கு என்று மாறி மாறி அமைகிறது. சூடான ஓவனுக்குள் போனதும் கொழுப்பு உருகி மா அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தடுக்கிறது. அதே வேளையில் மாவிலும் கொழுப்பிலும் உள்ள நீர் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். வெளியேற வழி தேடும் அந்த ஆவி ஒவ்வொரு மா அடுக்கையும் மேலே தள்ளுகிறது. தள்ளப்பட்ட அடுக்கு அந்த நிலையிலேயே வெந்து இறுகிவிடுகிறது. நாம் கடிக்கும்போது நொறுங்குவது அந்த இறுகிய அடுக்குகள்தான்.

இதில் ஒழுங்கு முக்கியம். கொழுப்பு ஓவனுக்குள் உருக வேண்டும். அதற்கு முன்னர் உருகக் கூடாது. நாம் உருட்டும்போதே உருகிவிட்டால் அது மாவுக்குள் ஊறிவிடும். அப்போது அடுக்கு என்று எதுவும் மிஞ்சாது. மீதிக் கொழுப்பு தட்டில் ஒழுகும். ராத்தாவின் தட்டில் நடந்தது இதுவே.

‘அறை வெப்பநிலை’ யாருடைய அறை?

சமையல் நூல்களிலும் காணொளிகளிலும் “அறை வெப்பநிலையில் உள்ள பட்டர்” என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஐரோப்பாவில் அப்படிச் சொன்னால் ஏறக்குறைய 20 பாகை செல்சியஸ். இரணைமடுக் குளத்து நீர் பாயும் எங்கள் ஊரில், வாய்க்கால்களை எண் சொல்லி அடையாளம் காட்டும் உருத்திரபுரத்தில், சித்திரை வைகாசிப் பகலில் வீட்டு நிழலிலேயே 32, 33 பாகை இருக்கும். தகரக் கூரையின் கீழ் உள்ள குசினியில் அதற்கும் மேல்.

பட்டர் 15 முதல் 20 பாகைக்குள்தான் உருட்டுவதற்கு ஏற்ற பதத்தில் இருக்கும். அதற்குக் கீழே போனால் இறுகி, உருட்டும்போது துண்டு துண்டாக உடையும். அதற்கு மேலே போனால் குழைந்துவிடும். 35 பாகையை நெருங்கும்போது எண்ணெயாகிவிடும். ஆக, பாரிஸில் உள்ள ஒருவரின் பட்டருக்கு அவருடைய குசினியே கிட்டத்தட்டப் பொருத்தமான இடம். நம் பட்டருக்கு நம் குசினி ஓர் அடுப்பு. அவருக்குக் கைராசி இருக்கிறது, நமக்கு இல்லை என்று சொல்வது நீதியாகுமா?

ஆகவே செய்முறையை அப்படியே பின்பற்றாமல் அதன் நோக்கத்தைப் பின்பற்ற வேண்டும். நோக்கம் ஒன்றே: ஓவன் வரைக்கும் கொழுப்பைக் கட்டியாகக் காப்பாற்றுவது. அதற்கு நம்மிடம் உள்ள வழிகள் இவை.

முதலாவது, நேரம். பகலில் செய்யாதீர்கள். சுபஹ் தொழுத பின்னர் வெயில் ஏறும்வரை உள்ள இரண்டு மணித்தியாலம் இந்த வேலைக்கு மிகச் சிறந்தது. மார்கழி, தை விடியலில் எங்கள் ஊர் 22, 23 பாகைக்கு இறங்கும். அந்த நாட்களில் இந்த மா தானாகவே பாதி ஒத்துழைக்கும்.

இரண்டாவது, மேசை. பளிங்குக் கல் தேவையென்று காணொளிகளில் சொல்வார்கள். அகலமான அலுமினியத் தட்டமொன்றில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, உருட்டப்போகும் பலகையின்மேல் பத்து நிமிடம் வைத்தால் போதும். பின்னர் ஈரத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, உருட்டும் கட்டை. மூடி இறுக்கமான கண்ணாடிப் போத்தலில் குளிர்ந்த நீரை நிரப்பி அதனால் உருட்டலாம். மரக்கட்டையைவிட இது நமக்கு நல்லது. ஒவ்வொரு முறை உருட்டும்போதும் மாவைக் குளிராக்கும். வெளிப்புறம் வியர்த்தால் துடைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, உள்ளங்கை. நம் உடலின் வெப்பம் 37 பாகை. உள்ளங்கை அதைவிடச் சற்றுக் குறைவு. ஆனாலும் பட்டரைக் குழைத்துவிட அது போதும். ஆகவே விரல் நுனியால் மட்டும் தொடுங்கள். குளிர்ந்த நீரில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

எந்தக் கொழுப்பு?

பட்டருக்கு நல்ல சுவை. ஆனால் சீக்கிரம் உருகும், விலையும் அதிகம். பேக்கரிக்காரர்கள் பயன்படுத்தும் பேஸ்ட்ரி மாஜரீன் இதைவிட உயர்ந்த வெப்பத்தில்தான் உருகும். அதனால் நம் காலநிலையில் அது நன்றாக நிற்கும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. வாயின் வெப்பத்திலும் முழுதாக உருகாததால் மேலண்ணத்தில் மெழுகு ஒட்டியதுபோல் ஓர் உணர்வு மிஞ்சும். பாதி பட்டரும் பாதி பேஸ்ட்ரி மாஜரீனும் சேர்த்துக் குளிராக்கிப் பயன்படுத்தினால் சுவைக்கும் நிலைப்புக்கும் நடுவே ஒரு சமரசம் கிடைக்கும்.

பாணில் பூசுவதற்கென்று வரும் மிக மென்மையான வகைகள் இதற்குச் சரிவராது. அவற்றில் கொழுப்பு குறைவு, நீர் அதிகம். பட்டரில் ஏறத்தாழ 80 வீதத்துக்கு மேல் கொழுப்பு இருக்கும். வாங்கும்போது உறையில் உள்ள கொழுப்பு வீதத்தைப் பாருங்கள். 80க்குக் கிட்ட இருந்தால் நல்லது. அதே உறையில் இன்னொன்றையும் பாருங்கள். மேற்கு நாடுகளில் இந்த மாவுக்குப் பன்றிக் கொழுப்பைப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. ஆகவே இறக்குமதியான பொதிகளில் ஹலால் குறியும் சேர்மானமும் பார்த்து எடுப்பது நம் கடமை.

மா தயாரித்தல்

எட்டு டேர்ன்ஓவருக்கு வேண்டியவை: கோதுமை மா 250 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, மாவோடு பிசறுவதற்கு மாஜரீன் 25 கிராம், குளிர்ந்த நீர் ஏறத்தாழ 130 மில்லிலீற்றர், தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி, அடுக்குவதற்குப் பட்டர் அல்லது பேஸ்ட்ரி மாஜரீன் 175 கிராம்.

மாவில் உப்பைக் கலந்து 25 கிராம் மாஜரீனை விரல் நுனியால் பிசறுங்கள். தேசிக்காய்ச் சாறு கலந்த குளிர்நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து ஒன்றுசேருங்கள். ரொட்டி மாவைப்போல் அடித்துப் பிசையாதீர்கள். கோதுமை மாவில் உள்ள இருவகைப் புரதங்கள் நீரோடு சேரும்போது குளூட்டன் என்ற இழுபடும் வலை உண்டாகிறது. பிசையப் பிசைய அந்த வலை இறுகும். இறுகிய மா உருட்டும்போது இறப்பர்போல் சுருங்கிச் சுருங்கிப் பின்வாங்கும். சிறிதளவு புளிப்பு அந்த வலையைக் கொஞ்சம் இளக்கும்; தேசிக்காய்ச் சாறு சேர்ப்பது அதற்காகவே. ஒன்றுசேர்ந்த மாவை மூடி அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள். குளிர்வது மட்டுமல்ல, அந்த ஓய்வில் வலையும் தளர்கிறது.

175 கிராம் கொழுப்பைச் சுத்தமான இரண்டு பொலித்தீன் தாள்களுக்கு நடுவில் வைத்துத் தட்டி, 15 சென்ரிமீற்றர் சதுரத் தகடாக்கிக் குளிரவிடுங்கள். இனித்தான் முக்கியமான சோதனை. மாவையும் கொழுப்பையும் தனித்தனியே விரலால் அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே பதத்தில் அழுந்த வேண்டும். கொழுப்பு கல்லாக இருந்தால் உள்ளே உடைந்து மாவைக் கிழிக்கும். குழைவாக இருந்தால் ஓரத்தால் பிதுங்கும். இந்த ஒரு சோதனையைத் தவறாமல் செய்தால் பாதி வெற்றி.

மாவைச் சற்றுப் பெரிய சதுரமாக உருட்டி, கொழுப்புத் தகட்டை நடுவில் வைத்து, நான்கு பக்கமும் கடித உறைபோல் மடித்து மூடுங்கள். பின்னர் 45 சென்ரிமீற்றர் நீளமாக உருட்டி, மூன்றாக மடியுங்கள். இது ஒரு மடிப்பு. உடனே பிரிட்ஜில் 30 நிமிடம். வெளியே எடுத்துத் திசையை மாற்றி மீண்டும் உருட்டி மடியுங்கள்.

இங்கே ஒரு சிறிய கணக்கு. தொடக்கத்தில் கொழுப்பு ஓர் அடுக்கு. ஒவ்வொரு மடிப்பும் அதை மூன்று மடங்காக்கும்: 3, 9, 27, 81, 243, 729. பெருக்கல் தொடர் என்று கணித பாடத்தில் படித்தது குசினிக்குள் வந்து நிற்கிறது. பழைய முறைப்படி ஆறு மடிப்பு, அதாவது 729 அடுக்கு. ஆனால் நம் ஊருக்கு நான் நான்கையே சொல்வேன். ஒவ்வொரு மடிப்பும் மாவை இன்னொரு தடவை வெப்பத்துக்கு வெளியே கொண்டுவருகிறது. அடுக்குகள் மிக மெல்லியதாகும்போது சிறிது உருகினாலும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒழுங்காக நிற்கும் 81 அடுக்கு, கலந்துபோன 729ஐவிட மேல். நான்காவது மடிப்பின் பின்னர் ஒரு மணித்தியாலம் குளிரவிட வேண்டும்.

உள்ளே வைக்கும் பழம்

அப்பிள் நம் மண்ணின் பழமல்ல. அதன் காட்டு மூதாதை மத்திய ஆசியாவின் தியான் ஷான் மலைப்பகுதியைச் சேர்ந்தது. ஆண்டுதோறும் பல நூறு மணித்தியாலக் கடுங்குளிர் பட்டால்தான் அப்பிள் மரம் ஒழுங்காகப் பூக்கும். வன்னி வெயிலில் அதற்கு வழியில்லை. ஏ-9 வீதியோரக் கடைகளில் நாம் வாங்கும் அப்பிள் எல்லாம் கடல் கடந்து வந்தவை. வாப்பா ஒன்றோ இரண்டோதான் வாங்கி வருவார். அதை எட்டாக வெட்டி எல்லோரும் பங்குபோடுவோம். 2022இல் நாட்டின் பொருளாதார நெருக்கடியின்போது இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களில் அப்பிளும் ஒன்று.

அப்பிள் கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். நடுத்தர அப்பிள் இரண்டைத் தோல் சீவிச் சிறு துண்டுகளாக வெட்டி, உடனே தேசிக்காய்ச் சாறு தெளியுங்கள். வெட்டிய அப்பிள் பழுப்பாவது காற்றிலுள்ள ஒட்சிசனும் பழத்திலுள்ள நொதியமும் சேர்ந்து செய்யும் வேலை. புளிப்பு அந்த நொதியத்தின் வேகத்தைக் குறைக்கும். மூன்று மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை கறுவாத்தூள் சேர்த்து மெல்லிய நெருப்பில் எட்டு நிமிடம் வதக்குங்கள். சிறிது நீரில் கரைத்த சோளமா ஒரு தேக்கரண்டி சேர்த்துத் தடித்ததும் இறக்குங்கள்.

ஏன் முதலில் வதக்க வேண்டும்? அப்பிளில் 85 வீதம் நீர். பச்சையாக வைத்தால் அந்த நீர் ஓவனுக்குள் வெளியேறி அடிமாவை நனைத்துவிடும். மேலே மொறுமொறுப்பாகவும் கீழே களியாகவும் இருக்கும். வதக்கும்போது அந்த நீரின் ஒரு பகுதி குசினியிலேயே போய்விடும். இன்னொரு எச்சரிக்கை: வதக்கிய பழத்தை முழுதாக ஆறவிட்டுக் குளிராக்கிய பின்னரே மாவில் வையுங்கள். சுடச்சுட வைத்தால் இவ்வளவு நேரம் காப்பாற்றிய கொழுப்பு அந்த இடத்திலேயே உருகிவிடும்.

அப்பிள் இல்லையென்றால்? எங்கள் வளவில் நிற்கும் கொய்யாவைச் சொல்வேன். அப்பிளைச் சமைத்தால் தடித்து நிற்கச் செய்யும் பெக்டின் என்ற பொருள் கொய்யாவிலும் நிறைய உண்டு. ஜாம் செய்பவர்களுக்கு இது தெரியும். அரைப்பழமான கொய்யா நான்கைப் பிளந்து, விதைப்பகுதியைக் கரண்டியால் வழித்தெடுத்து, சதையை மட்டும் துண்டாக்கி, அரைக் கோப்பை நீரும் சீனியும் தேசிக்காய்ச் சாறும் சேர்த்து நீர் வற்றும்வரை வதக்குங்கள். கறுவாவும் சேர்த்துவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுபவர் அப்பிளா கொய்யாவா என்று ஒரு கணம் தடுமாறுவார். கறுத்தக்கொழும்பான் காலத்தில் செங்காயான மாங்காயும் நன்றாக வரும். புளிப்பு இருப்பதால் தேசிக்காய் தேவையில்லை. சீனி ஒரு கரண்டி கூட. நன்றாகப் பழுத்த மாம்பழம் வேண்டாம்; நீர் அதிகம். அன்னாசி வைப்பதானால் சாறு முழுதும் வற்ற வேண்டும்.

மடித்தல், வெதுப்புதல்

குளிர்ந்த மாவை 25க்கு 50 சென்ரிமீற்றர் அளவில், ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் தடிப்பாக உருட்டுங்கள். ஓரங்களை மெல்லிதாக வெட்டி நீக்கிவிட்டு, 12 சென்ரிமீற்றர் சதுரங்களாக எட்டு வெட்டுங்கள். கூரான கத்தியை நேரே கீழே அழுத்தி வெட்ட வேண்டும். மழுங்கிய கத்தியால் இழுத்தால் வெட்டுவாயில் அடுக்குகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும்; அந்தப் பக்கம் பொங்காது.

ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குவித்த மேசைக்கரண்டி பழம். ஆசைப்பட்டு அதிகம் வைத்தால் வெடிக்கும். உட்புற ஓரத்தில் நீர் தொட்டு, முக்கோணமாக மடித்து, முள்ளுக்கரண்டியால் ஓரத்தை அழுத்துங்கள். கொழுக்கட்டை ஓரம்போல் கிள்ளியும் மூடலாம். மேலே கத்தி நுனியால் இரண்டு சிறு கீறல் இடுங்கள். பழத்தின் ஆவி அவ்வழியே போகட்டும். முட்டை அடித்துப் பூசும்போது மேற்பரப்பில் மட்டும் பூசுங்கள். வெட்டிய ஓரத்தில் வழிந்தால் முட்டை பசைபோல் அடுக்குகளை ஒட்டிவிடும். தட்டில் அடுக்கி மீண்டும் 20 நிமிடம் குளிராக்குங்கள்.

ஓவன் முன்னரே நன்றாகச் சூடாகி இருக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் 220 பாகை, பின்னர் 190 பாகையில் 15 நிமிடம் அளவில். தொடக்கத்தில் வெப்பம் குறைவாக இருந்தால் ஆவி உண்டாகும் முன்னரே கொழுப்பு உருகி ஓடிவிடும். நிறம் பொன்னிறத்தைத் தாண்டிச் சற்றுக் கபில நிறமாகும்வரை பொறுங்கள். வெளிர் நிறத்தில் எடுத்தால் உள் அடுக்கு வேகாமல் ஆறியதும் அமர்ந்துவிடும். முதல் 15 நிமிடம் ஓவன் கதவைத் திறக்க வேண்டாம்.

ஓவன் இல்லாத வீடுகளும் உண்டு. உம்மா சிறுமியாக இருந்த காலத்தில் தடித்த பெரிய சட்டியின் அடியில் மணல் பரப்பி, மேலே தட்டு வைத்து மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணல் போட்டுக் கேக் செய்வார்களாம். அதே முறை இதற்கும் உதவும். ஆனால் கேக்கைவிட இதற்கு மேல்வெப்பம் அதிகம் வேண்டும். ஆகவே கீழே உள்ளதைவிட மூடியின்மேல் தணலைக் கூடுதலாக வையுங்கள். சட்டியை அரை மணித்தியாலம் சூடாக்கிய பின்னரே தட்டை உள்ளே வையுங்கள். ஒரு தடவைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

மின்வெட்டையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். மா பிரிட்ஜில் இருக்கும்போது மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். மின்சாரம் வந்ததும் மாவை அழுத்திப் பாருங்கள். இன்னும் இறுக்கமாக இருந்தால் தொடரலாம். குழைந்திருந்தால் மீண்டும் மடித்துப் பயனில்லை. அந்த மாவை வீணாக்காமல் மெல்லிதாக உருட்டி, சீனி தூவி, துண்டாக்கி பிஸ்கட்போல் சுட்டெடுங்கள். அடுக்கு இல்லாவிட்டாலும் கொழுப்பும் மாவும் இருப்பதால் நொறுங்கும்.

செய்ததை அன்றே சாப்பிடுவது நல்லது. மாரி மாதங்களில் காற்றின் ஈரத்தால் மொறுமொறுப்புச் சீக்கிரம் போய்விடும். ஐந்து நிமிடம் மீண்டும் சூடாக்கினால் ஓரளவு திரும்பும். சூடாக இருக்கும்போது டப்பாவில் மூடாதீர்கள். அதன் ஆவியே அதை நனைத்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்?

எங்கள் வீட்டில் உம்மா பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் சிற்றுண்டி ஓடர் எடுக்கிறார். என் பிரத்தியேக வகுப்புக் காசின் ஒரு பகுதி அந்தப் பற்றிஸிலிருந்தும் ரோல்ஸிலிருந்தும்தான் வருகிறது. வன்னியில் இப்படிக் குசினியை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு ஒரு தட்டுப் பலகாரம் பழுதாவது அன்றைய இலாபம் முழுதும் போவதாகும். அப்படி ஒரு தடவை போனதும் “எனக்குக் கை வராது” என்று முடிவெடுத்து, அதிக விலைக்குப் போகக்கூடிய ஒரு பலகாரத்தை நிரந்தரமாகக் கைவிட்டுவிடுகிறார்கள். கைராசி என்ற சொல் அந்த இடத்தில் ஒரு கதவை மூடிவிடுகிறது. கைராசியை யாரும் கற்றுக்கொடுக்க முடியாது, கற்றுக்கொள்ளவும் முடியாது. வெப்பநிலை அப்படியல்ல. அதை அளக்கலாம், குறைக்கலாம், அதற்காக நேரத்தை மாற்றலாம்.

இந்தத் தை விடுமுறையில் ராத்தா வீட்டுக்கு வந்திருந்தார். விடியலில் மாவைக் குளிர்ந்த போத்தலால் அவரே உருட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்து மடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டும் பொங்கின. அதே கைகள்தான். உம்மா ஒன்றைப் பிட்டுப் பார்த்து, ஒரு தட்டுக்கு எவ்வளவு மாஜரீன் போனது, கொய்யாவை வளவில் பறித்தால் ஒன்றை என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்று கேட்டார். இப்போது அவருடைய ஓடர்க் கொப்பியில் பற்றிஸுக்கும் ரோல்ஸுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு வரி இருக்கிறது. பக்கத்தில் ‘விடிய மட்டும்’ என்றும் எழுதியிருக்கிறார்.

தோழியரே, செய்து பார்ப்பவர்கள் மடிப்பை எண்ண மறக்காதீர்கள். மாவையும் கொழுப்பையும் அழுத்திப் பார்க்க அதைவிட மறக்காதீர்கள்.